மகாராணியின் கழுத்து வீக்கம்

மகாராணி மூன்று வாரமாக யாரையும் கடிக்கவில்லை. லாயத்துக்காரருக்கு அதுதான் பெரிய கவலை. கடிக்காத மகாராணியை அவர் பார்த்ததே இல்லை.

வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அவர்தான் அந்தக் குதிரையைக் குட்டைத் தண்ணீரில் நிறுத்தினார். முன்னங்காலில் புண் வந்தது, பரவியது, உள்ளே கல் கல்லாக மஞ்சள் கட்டிகள்.

"பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனா பூஞ்சை இல்ல. அதான் பூஞ்சை மருந்து எதுக்கும் கேக்கல," என்றார் பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மா. புண்ணைச் சுரண்டிவிட்டு, செத்த கிருமியிலிருந்து செய்த ஊசியைக் கழுத்தில் போட்டார். பிறகு முதலாளியிடம் ஏதோ விவரமாகச் சொன்னார். லாயத்துக்காரர் அப்போது வாளி கழுவப் போயிருந்தார். முதலாளிக்கோ ஒரு சேதியை அடுத்தவரிடம் சொல்வதென்றால் சொத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி.

மறுநாள் காலை கழுத்தில் பந்து மாதிரி வீக்கம்.

"பாவம், டாக்டரம்மாவுக்குக் கை தவறிடுச்சு போல," என்றார் லாயத்துக்காரர் மனைவியிடம். "நல்ல மனுஷி. நாம காட்டிக் கொடுக்க வேணாம்." இரண்டு நாள் ஓயாமல் ஐஸ் ஒத்தடம். வீட்டு ஃப்ரிட்ஜைக் காலிசெய்து கொடுத்தே மனைவி ஓய்ந்துபோனாள். வீக்கம் இருந்த இடம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கழுத்தைத் தடவினார். மறுபடி தடவினார். முகம் தொங்கிவிட்டது.

"கொஞ்சம்கூட வீங்கலையே சார். கிருமியை எதிரின்னே இவ உடம்பு கண்டுக்கல. இனி வதைக்க வேணாம், நிம்மதியா அனுப்பிடலாம்."

முதலாளி தலையாட்டினார்.

லாயத்துக்காரர் மகாராணியின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் மகாராணியே போய்விடுவாள். குட்டையில் நிறுத்திய பாவம் ஒன்று போதாதா?

"வீங்குச்சு டாக்டரம்மா. இவ்ளோ பெருசா வீங்குச்சு. உங்க மானத்தைக் காப்பாத்தலாம்னு நான்தான் ஐஸ் வெச்சு அமுக்கிட்டேன்."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வீங்கினாதான் நல்லதுன்னு இவர்கிட்ட நீங்க சொல்லவே இல்லையா சார்?"

முதலாளி கூரையை ஆராய்ந்தார்.

"ஒரு வாரம் கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க," என்று லாயத்துக்காரருக்கு உத்தரவானது. அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வீக்கம் மறுபடி எழும்பியது, புண் மெல்ல உலர ஆரம்பித்தது. எட்டாம் நாள் அதைக் குனிந்து பார்த்தவரின் தோளை மகாராணி வகையாகக் கவ்வினாள்.

தோள் புடைத்துக்கொண்டது. மனைவி ஐஸோடு ஓடி வந்தாள்.

"கிட்ட வராதே," என்றார் அவர், அழுதுகொண்டே சிரித்தபடி. "நல்லா வீங்கட்டும். டாக்டரம்மா வந்து பாக்கணும்."