பாதிக் குடையும் ஓடக்காரர் மெட்டும்

இசை என்பது மனிதன் வானத்தை நோக்கிச் சாத்திய ஏணி. நம் முன்னோர் மூச்சுக்காற்றால் இழைத்து இழைத்துச் செய்த அந்த ஏணியில் கால் வைக்கும் ஒவ்வொருவரும் பாக்கியவான்.

குடிநீர் வாரியப் பணியாளர் பேண்டின் மாஸ்டர் இப்படிச் சொல்லி முடித்தபோது, பாக்கியவான்களில் மூன்று பேருக்கு உட்கார நாற்காலி இல்லை. ஒத்திகை நடப்பது வாரியத்தின் கேண்டீனில். சாப்பாட்டு மேசைகளை ஓரங்கட்டி, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பெரிய டிரம்மை நிறுத்தி, ‘பாத்திரங்களை இங்கே கழுவாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் மாஸ்டர் வானத்துக்கு வழி காட்டுவார்.

பகலில் அவர் மீட்டர் பிரிவின் தலைமை எழுத்தர். தண்ணீர் வராத வீட்டுக்கு ஏன் கட்டணம் மட்டும் வருகிறது என்பதைப் பொறுமையாக விளக்குகிற வேலை. மாலையில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டால் ஆளே வேறு. கையில் ஒரு மெல்லிய குச்சி. அபூர்வமான மரம் என்பார். எங்கள் வீட்டு ஜன்னல் திரையில் இருந்தது என்பான் அவருடைய மச்சினன்.

மச்சினன் வாரியத்தின் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். பேண்டில் அவன் ட்யூபா: மடியில் வைத்தால் ஆளையே மறைத்துவிடுகிற பித்தளைக் குழல், எவ்வளவு பாடுபட்டு ஊதினாலும் ‘பூம், பூம்’ என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ட்ரம்பெட், வாரிய மருத்துவமனையின் பல் டாக்டர். தாளத் தட்டு அடிப்பவர் கமிட்டிச் செயலாளர். ஜால்ரா வேலையை அவர் ஒத்திகையோடு நிறுத்திக்கொள்வதில்லை. முதல் க்ளாரினெட், மாஸ்டரின் மனைவி. அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது எல்லோருக்கும் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும். அதனாலேயே அவர் அதைச் சொன்னதில்லை.

ஆண்டுதோறும் பூங்காவில் பேண்டின் கச்சேரி உண்டு. சென்ற ஆண்டு, மாஸ்டர் தாமே பேண்டுக்கு ஏற்ப அமைத்த எட்டுப் பாரம்பரிய மெட்டுகள் வரிசையாக ஒலித்தன. மூன்றாவதில் குழந்தைகள் எழுந்து போனார்கள். ஐந்தாவதில் குழந்தைகளைத் தேடிக்கொண்டு பெற்றோர் போனார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள், வாசித்தவர்களின் வீட்டு ஆட்களும் பெஞ்சில் தூங்கிப்போயிருந்த ஒருவரும். ‘தேர்ந்த ரசிகர்கள் மட்டுமே இறுதிவரை இருந்தனர்’ என்று மாஸ்டர் ஆண்டறிக்கையில் எழுதினார்.

இந்த ஆண்டுக்கான பாட்டுகளைத் தேர்வு செய்யக் கமிட்டி கூடியது.

“நாலு பழசு, நாலு சினிமாப் பாட்டு. ஜனங்க உக்காந்து கேக்கணும்ல அத்தான்?” என்றான் மச்சினன்.

“ஜனங்களுக்காக நாம கீழ இறங்கக் கூடாதுப்பா. ஜனங்க மேல வரணும்.”

“வந்தே ஆகணும் சார்,” என்றார் செயலாளர்.

“ரொம்ப உச்சத்துக்குப் போகாத பாட்டா இருந்தா எனக்கு எதுவா இருந்தாலும் சரி,” என்றார் பல் டாக்டர். “போன வருஷம் கடைசி உருப்படியில எனக்கே ஒரு பல்லு ஆடிடுச்சு. வெளிய சொல்லவும் முடியல.”

அப்போதுதான் மனைவி வாய் திறந்தாள். “குடைப் பாட்டைச் சேத்துக்கலாமே.”

கேண்டீனில் எல்லா முகமும் மலர்ந்தது. குடைப் பாட்டு தெரியாதவர் யார்? கொட்டும் மழையில் ஒருவன் ஒருத்தியிடம் ‘பாதிக் குடை போதும்’ என்று கெஞ்சுகிற பழைய சினிமாப் பாட்டு. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ட்ரம்பெட் ‘டட்-டட்-டாங்’ என்று அவனைச் சீண்டும்.

மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார். “அது பாட்டு இல்ல. தும்மல்.”

“நான் அந்தத் தும்மலை வாசிச்சப்பதான் நீங்க முதல் தடவையா என்னைத் திரும்பிப் பாத்தீங்க.” அப்போது அவர் மாஸ்டர் அல்ல, க்ளாரினெட் வரிசையின் கடைசி நாற்காலி.

“அப்போ எனக்கு ரசனை வளரல.”

“ஓ! ரசனை வளந்ததும் பாக்கிறதை நிறுத்திட்டீங்க. அப்படித்தானே?”

‘அப்படித்தான்’ என்று சொல்லப் பழக்கதோஷத்தில் வாயெடுத்த செயலாளர், ஆபத்தை உணர்ந்து இருமினார்.

மாஸ்டருக்குக் காது சிவந்தது. “குடைப் பாட்டு இந்த பேண்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன். எல்லாரும் கேட்டுக்குங்க.”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நான் போறேன்,” என்றாள். க்ளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றினாள், ஈரம் துடைத்தாள், பெட்டியில் அடுக்கி மூடினாள். அவசரமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த ஒத்திகையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. எல்லோரும் பக்கவாத்தியம் வாசித்தார்கள். பாட்டை வாசிக்க ஆளில்லை. இரண்டாம் க்ளாரினெட்டுகள் ‘நீங்க முதல்ல’ என்கிற மரியாதையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சினனின் ‘பூம், பூம்’ மட்டும் காலி வீட்டில் யாரோ நடப்பதுபோல் கேட்டது. அவளுடைய நாற்காலி காலியாகவே கிடந்தது. நாற்காலி இல்லாத மூன்று பேரில் ஒருவர்கூட அதில் உட்காரவில்லை. உட்காருங்கள் என்று மாஸ்டரும் சொல்லவில்லை.

வீட்டில் அவள் கோபமாக இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார். அவள் சந்தோஷமாக இருந்தாள். மாலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள்; பக்கத்து வீட்டுக்காரியோடு வாய்விட்டுச் சிரித்தாள். க்ளாரினெட் பெட்டி அலமாரி உச்சிக்கு ஏறியது. அதன்மேல் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி ஏறியது. இப்படியே போனால் அந்தப் பெட்டி இறங்கவே இறங்காது என்பது மாஸ்டருக்குப் புரிந்தது. கச்சேரி கெட்டாலும் அடுத்த ஆண்டு ஒன்று வரும். அந்த நாற்காலி காலியாகவே இருந்துவிட்டால்?

குடைப் பாட்டைச் சேர்த்தே ஆகவேண்டும். ஆனால் சொன்ன சொல்லை விழுங்கவும் கூடாது. இப்படிப்பட்ட இக்கட்டில்தான் பெரிய மனிதர்களின் மூளை வேலை செய்யும்.

பாட்டை எடுத்து வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார். துள்ளுகிற இடங்களையெல்லாம் நீட்டி முழக்கினார். மானத்தை வாங்குகிற அந்த ‘டட்-டட்-டாங்’கை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மௌனம் வைத்தார். தலைப்பு: ‘ஓடக்காரர் மெட்டு. மிகத் தொன்மையானது.’

கேண்டீனில் பிரதிகளைக் கொடுத்துவிட்டு, ஆறு, துடுப்பு, அஸ்தமனம் ஆகியவை பற்றி நீண்ட உரை ஆற்றினார். பேண்ட் வாசித்தது. முதல் மௌனம் வந்ததும், அத்தனை பேருடைய கால்களும் ஒரே நேரத்தில் தரையில் ‘டட்-டட்-டாங்’ என்று தட்டின.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“அத்தான், ஒரு சந்தேகம்,” என்றான் மச்சினன். “இந்த ஓடக்காரங்க ஏன் அங்கங்க துடுப்பை நிறுத்துறாங்க?”

“மூச்சு வாங்க.”

“எல்லாரும் ஒண்ணாவா?”

“அந்தக் காலத்து ஒத்துமை அப்படி,” என்றார் செயலாளர்.

பல் டாக்டர் ட்ரம்பெட்டை மடியில் வைத்து, வலது கை விரல்களை இடது கையால் பிடித்துக்கொண்டார். அவை தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன.

அன்று மாலை மாஸ்டர் முதல் க்ளாரினெட்டுக்கான பிரதியை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்குக் கீழே, ஏதோ மறந்துபோய் வைத்ததுபோல் வைத்துவிட்டு, செய்தித்தாளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். மனைவி எடுத்துப் பார்த்தாள். உதட்டுக்குள் இரண்டு வரி முனகினாள். முனகல் நின்றது.

“இது ரொம்பப் பழைய மெட்டாங்க?”

“மிகத் தொன்மையானது.”

“எவ்வளவு பழசு இருக்கும்?”

செய்தித்தாள் கொஞ்ச நேரம் யோசித்தது. “நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி,” என்றது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் சத்தம் கேட்டது. அலமாரி மேலிருந்து துணிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

“இந்த வேகத்துல துடுப்புப் போட்டா உங்க ஓடம் கரை சேராது, சொல்லிட்டேன்,” என்றாள்.

கச்சேரி நாள். பூங்கா நிறைந்திருந்தது. ஆனால் உள்ளே நுழைய ஒரு வழியும் வெளியேறப் பல வழிகளும் இருந்ததால் கூட்டத்தை இப்போதே நம்ப முடியாது. முதல் க்ளாரினெட் தன் நாற்காலியில் இருந்தாள். ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னுரை ஆற்ற வேண்டும், கையில் குச்சியும் இருக்க வேண்டும் என்பதால், கோட்டில் குத்திக்கொள்கிற சின்ன மைக்தான் வேண்டும் என்று மாஸ்டர் அடம் பிடித்து வாங்கியிருந்தார்.

“பேசி முடிச்சதும் இந்தப் பொத்தானை அமுக்கிடுங்க சார்,” என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

“எனக்கே சொல்லித் தர்றியாப்பா?”

முதல் நான்கு மெட்டுகள் அசல் பாரம்பரியம். அவளுடைய க்ளாரினெட் அவற்றைத் தூக்கி நிறுத்தியது. போன ஆண்டு கூட்டத்தை விரட்டிய அதே மெட்டுக்கு இப்போது சிலர் தலையாட்டினார்கள். ஆனாலும் மூன்றாவதில் ஓரமாகச் சில குழந்தைகள் எழுந்தன. மாஸ்டர் ஆறு, துடுப்பு, அஸ்தமனம் எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லி முடித்து, ஓடக்காரர்களை ஆற்றில் இறக்கினார்.

முதல் வரி. மௌனம். பின்வரிசையில் பலூன் விற்கிறவர் தன்னை அறியாமல் கை தட்டினார்: டட்-டட்-டாங்.

இரண்டாவது மௌனத்தில் ஒரு பெஞ்சு முழுக்கத் தட்டியது. மூன்றாவதில் பூங்காவே தட்டியது. மாஸ்டர் குச்சியை மெதுவாக, இன்னும் மெதுவாக இழுத்துப் பார்த்தார். மனைவி அவரை நேராகப் பார்த்து, ஒரு புருவத்தைத் தூக்கி, வேகத்தை ஏற்றினாள். மச்சினனின் ‘பூம், பூம்’ லாரியைப்போல் பின்னாலேயே வந்தது. பல் டாக்டர் இனி தாங்காது என்று எழுந்து நின்று, வெட்டி எறியப்பட்ட ‘டட்-டட்-டாங்’ மொத்தத்தையும் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் குச்சி பேண்டை நடத்தவில்லை. பேண்டுக்குப் பின்னால் ஓடியது.

போன குழந்தைகள் திரும்பி வந்தன. கூட்டம் ‘பாதிக் குடை போதும்’ என்று பாடவே ஆரம்பித்துவிட்டது. ஓடக்காரர்களைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. மாஸ்டரும் மறந்துபோனார். முதல் க்ளாரினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கடைசி நாற்காலியிலிருந்து பார்ப்பதுபோல.

இரண்டாவது சரணம் வந்தது. முதல் சரணம் ஊருக்கே மனப்பாடம். இரண்டாவது யாருக்கும் தெரியாது. பூங்கா மொத்தமும் ‘னன்னன்னா’வுக்கு இறங்கியது. அதற்கு மேலே ஒரே ஒரு குரல் மட்டும், ஒரு வார்த்தை விடாமல், அரைச் சுருதி கீழே, பூங்காவின் நான்கு மூலையிலும் உள்ள ஒலிபெருக்கிகளிலிருந்து உருக்கமாகப் பாடியது.

மனைவி க்ளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அதை ஊத முடியாது. மச்சினன் ட்யூபாவுக்கு மேலாக எட்டிப்பார்த்து, மாஸ்டரின் கோட்டைக் கண்ணால் காட்டினான்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். பொத்தானை அவர் அமுக்கியிருக்கவில்லை.