சிவப்பு நூல்

மேல்சட்டையை விலக்கியதும் நர்ஸின் கண்ணில் முதலில் பட்டது கட்டி அல்ல. உள்ளாடையின் வலது பட்டையில் நான் முடிந்திருந்த சிவப்பு நூல்.

“அட, நல்ல யோசனையா இருக்கே! எந்தப் பக்கம் முதல்ல குடுக்கணும்னு அடையாளமா?”

“இல்ல சிஸ்டர். இந்தப் பக்கம் குடுக்கக் கூடாதுன்னு.”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

நானும் என் கணவரும் ஒரே சலவைக்கடையில் வேலை பார்க்கிறோம். அவர் துவைக்கிற மிஷினில், நான் இஸ்திரி மேஜையில். கறை போகாத துணியில் ஒரு சிவப்பு நூலை முடிந்து ஒதுக்கிவிடுவோம். நூல் கட்டியது வாடிக்கையாளர் கைக்குப் போகாது. மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், வலது மார்பு கல்லாகி, சிவந்து, காய்ச்சல் வந்தது. பால் கெட்டுவிட்டது என்று நானே முடிவுசெய்தேன். தூக்கக் கலக்கத்தில் பக்கம் மாறிவிடக் கூடாதே என்று நூலைக் கட்டினேன். அவரும் அதைப் பார்த்தார். எங்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

“இந்தக் காய்ச்சலுக்கு உனக்கு இஸ்திரிப்பெட்டியே வேண்டாம், கையை வச்சாலே மடிப்பு விழும்” என்று மட்டும் சொன்னார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. பிரசவத்திலிருந்தே அப்படித்தான். மகள் முதன்முதலில் சிரித்தபோது வீடே கூடிக் கொண்டாடியது, நான் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

“பால் கெடலம்மா, தேங்கிப்போச்சு” என்றாள் நர்ஸ். “நாலு நாளா நிறுத்தினதுலதான் முத்திப்போச்சு. இனிமே இந்தப் பக்கம்தான் முதல்ல. வெதுவெதுப்பா துணி வச்சுட்டுக் குடுங்க, குடுத்தப்புறம் குளிர்ந்த துணி. போட்டு அமுக்கிப் பிசையாதீங்க. டாக்டர் எழுதின மாத்திரையைப் போட்டுக்கிட்டே குடுக்கலாம்.”

“இனிமே குடிப்பாளா?”

“அதை அவகிட்டதான் கேக்கணும்.”

வீட்டில் அவர் வெந்நீரில் துணியைப் பிழிந்து கொடுத்தார். மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு மார்பில் வைத்துக்கொண்டேன். பிறகு எங்கள் குண்டூசியை, மகளுக்கு அவர் வைத்த பெயர்தான், வலது பக்கம் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். மறுபடியும் போட்டேன். உடம்பை வில்லாக வளைத்து இடது பக்கம் தேடினாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இவளும் என்னை ஒதுக்கி வைத்துவிட்டால் அதையும் இப்படியே பார்த்துக்கொண்டிருப்பேனோ?

“விடேன், அந்தப் பக்கமே குடு” என்றார் அவர்.

“இருங்க.”

நர்ஸ் காட்டியபடி அவளை அக்குளுக்கடியில் அணைத்து, கால்கள் என் முதுகுப் பக்கம் போக, மோவாய் கட்டியைத் தொடும்படி பிடித்தேன். முனகினாள். மோந்தாள். சட்டென்று கவ்விக்கொண்டாள்.

உயிர் போகிற வலி. நான் கத்திவிட்டேன்.

“எடுத்துடவா?”

“வேண்டாம். வலிக்குது” என்றேன். “எனக்கு வலிக்குதுங்க.” கண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

அவர் எழுந்துபோய் மேஜை டிராயரைத் துழாவி, நூலை வெட்டக் கத்தரிக்கோலோடு வந்தார். அவள் அந்த நூலை விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். எங்கே வெட்டுவதென்று தெரியாமல் அவர் குனிந்தபடியே நின்றார்.