பேசுறதும் கதைக்கிறதும்

மனேஜராயிருந்த வினோதன் கனடாவுக்குப் பறந்த மூன்றாம் நாளே அவனுடைய வோக்கி டோக்கி ஆராவின் இடுப்பில் ஏறிவிட்டது. வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கையொன்றில் நிற்கும் மூன்று மாடிக் கல்யாண மண்டபத்துக்கு இன்று அவள்தான் மனேஜர். இன்றைய கல்யாணம் குறையில்லாமல் முடிந்தால் அந்த வேலை அவளுக்கே நிரந்தரம் என்று முதலாளி சிவபாதசுந்தரம் சொல்லியிருந்தார். ஐந்து வருடம் பந்தியில் இலை போட்டு நிமிர்ந்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட நாள்! கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, காவலாளி கண் கசக்கும் முன்னரே வந்து நின்றாள்.

வந்ததிலிருந்து அவள் அவளாக இல்லை, வினோதனாக நடந்தாள். அவனைப்போல மேல்மாடி வாசலில் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவனைப்போல "கைஸ், ஃபோகஸ்" என்றாள். அவனைப்போலவே "கெதியா வாங்கோ", "ஓமோம், தெரியும்" என்று யாழ்ப்பாணத் தமிழும் கதைத்தாள். அவள் பிறந்தது மலைநாட்டில், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அடையாள அட்டையில் அவள் பெயர் ஆறாயி. வேலைக்கு வந்த முதல் நாள் பெயரைக் கேட்டவர்களிடம் பாதியை விழுங்கி "ஆரா" என்றாள். அன்றைக்குப் போட்ட வேஷம், கழற்றத் தோது வரவேயில்லை. முதலாளி ஒருவருக்குத்தான் உண்மை தெரியும்; அவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பதினொன்று பத்துக்கு லிஃப்ட் நின்றுவிட்டது. நல்ல காலம், உள்ளே ஆட்கள் இல்லை, அப்பளத் தட்டுகள் மட்டும்தான். ஆனால் சமையற்கட்டு இருப்பது கீழே, பந்தி நடப்பது மூன்றாம் மாடியில். பன்னிரண்டு மணியிலிருந்து முந்நூற்றைம்பது பேர் பந்தி பந்தியாக இலைக்கு முன்னால் உட்காரப் போகிறார்கள். லிஃப்ட் திருத்த வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நோனா, பைய தெகக்வத் ஓனே" என்றார் சிங்களத்தில். குறைந்தது இரண்டு மணித்தியாலமாம்.

ஆரா பதறிப்போய், வேலைக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவொன்றைப் போட்டாள். பதற்றத்தில் வினோதனும் வரவில்லை, யாழ்ப்பாணமும் வரவில்லை.

"எல்லாரும் கீழ சமையக்கட்டுக்கு வாங்க, ஒங்ககிட்ட பேசணும். அன்னபாக்கியம் அக்கா, மொதல்ல ஒங்ககிட்டதான் பேசணும்."

கெட்டது குடி. அன்னபாக்கியம் தலைமைச் சமையற்காரி, யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்தவர். அவருடைய ஊரில் மனுசர் ஒருவரோடொருவர் கதைப்பார்கள். பேசுவது என்றால் அது வேறு. அது ஏசுவது, வாங்கிக் கட்டிக்கொள்வது. ஆரா மூச்சு வாங்க இறங்கி வந்தபோது அன்னபாக்கியம் ஏப்ரனை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டையில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள்.

"லிஃப்ட் நிண்டதுக்கு எனக்கேன் பிள்ளை பேச்சு? நானே நிப்பாட்டினனான்? வினோதன்கூட எனக்கு ஒருநாளும் பேசினதில்லை. நீர் எல்லாருக்கும் முன்னால கூப்பிட்டு வச்சுப் பேசப் போறீராம்."

ஆராவுக்கு விளங்கவேயில்லை. வினோதன் என்ன செய்திருப்பான் என்று யோசித்தாள். குரலை உயர்த்தினாள். "அக்கா, இப்ப இதுக்கு நேரமில்லை. உங்கட டியூட்டியைச் செய்யுங்கோ."

அவ்வளவுதான். அன்னபாக்கியத்தின் உதவிக்காரிகள் இருவரும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். வாழையிலை லொறியோடு வந்த நிலாம் ஆராவிடம் மெதுவாக, "அக்கா, பதினொண்டரை" என்றான்.

அப்போதுதான் அந்தச் சொல் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. பேச்சு! ஐந்து வருடம் கவனமாகத் தள்ளி வைத்திருந்த சொல், சமயம் பார்த்து வாயிலிருந்து குதித்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. கூடவே, என்ன அதிசயமோ, ஒரு பெரிய சுமை இறங்கியது போலவும் இருந்தது. வோக்கி டோக்கியைக் கழற்றி வெங்காயக் கூடையில் போட்டாள்.

"அக்கா, எனக்கு ஒங்க தமிழ் வராது. அஞ்சு வருசமா நடிச்சுக்கிட்டிருக்கேன். நான் பொகவந்தலாவ. எங்க பக்கம் பேசுறதுன்னா சும்மா பேசுறதுதான், நீங்க கதைக்கிறதுன்னு சொல்றீங்களே, அது. ஒங்களத் திட்ட எனக்கென்ன பைத்தியமா? சோத்த எப்படி மேல கொண்டு போறதுன்னு எனக்குத் தெரியல. ஒங்ககிட்ட கேக்கத்தான் கூப்பிட்டேன். எம்பேரு ஆராவும் இல்ல. ஆறாயி."



"அப்ப ஏச்சில்லையோ?" என்றார் அன்னபாக்கியம்.

"இல்லீங்க அக்கா."

அன்னபாக்கியம் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான் உம்மை வவுனியாப் பக்கம் எண்டெல்லோ நினைச்சிருந்தனான்!" என்றபடி எழுந்து ஏப்ரனைக் கட்டினார். "சரி ஆறாயி, இப்ப என்ன செய்வம்? இந்தக் கிடாரத்தை நாலு பேராலும் தூக்கேலாது."

அந்தப் பெரிய பாத்திரத்தை ஆறாயி பார்த்தாள். பிறகு சுவரோரம் நின்றவர்களை எண்ணினாள். பதினாறு பேர். சட்டென்று அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

"எங்க லயத்துல பைப்பு நின்னா, படியில வரிசையா நின்னு குடத்தக் கைமாத்துவோம். யாரும் ஏற மாட்டாங்க, எறங்க மாட்டாங்க. குடந்தான் ஏறும். வாளியில அள்ளுங்க, முக்கால் வாளி போதும்."

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! பூ கட்டியவர்கள், ஒலிபெருக்கிக்காரர், நிலாம் என்று எல்லோரும் படிகளில் ஏறி நின்றார்கள். வாளியை வாங்கித் திரும்பி நீட்டும்போது இடுப்பை முறிக்கிற இரண்டாம் மாடி வளைவில், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஆறாயியே நின்றாள். "சோறு!" என்று கீழிருந்து குரல் வரும், வாளி வரும். "பருப்பு!" "கத்தரிக்காய்!" "சொதி, பாத்து, தளும்புது!" இரண்டாம் சுற்றில் கைகள் பழகிவிட்டன. மூன்றாம் சுற்றில் யாரோ சீட்டியடிக்கத் தொடங்கினார்கள்.

மேலேயிருந்து சிவபாதசுந்தரம் பட்டு வேட்டியோடு இறங்கி வந்தார். மனேஜரின் சேலையில் தேங்காய்ப்பால் சொதி, முகத்தில் வியர்வை.

"என்ன கோலம் பிள்ளை இது? வினோதனெண்டா மேல நிண்டெல்லோ நடத்தியிருப்பான்."

வேலை போய்விட்டது என்றே ஆறாயி நினைத்தாள். ஆனாலும் வாயில் வந்தது அவளுடைய தமிழ்தான்.

"அவரு நின்னிருப்பாருங்க ஐயா. எனக்கு இங்க நின்னாதான் நடத்த வரும். கொஞ்சம் தள்ளிக்குங்க, சொதி வருது."

தள்ள இடமில்லை. வந்த வாளி அவர் கைக்கே போனது. ஒரு நொடி திகைத்தவர், திரும்பி அடுத்த ஆளிடம் நீட்டினார். இன்னொன்று வந்தது. அதையும் வாங்கினார். பன்னிரண்டு ஐந்துக்கு முதல் இலையில் சோறு விழுந்தது.

கடைசிப் பந்தி எழும்ப இரண்டரையாயிற்று. முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவருடைய வேட்டியிலும் சொதி பட்டிருந்தது.

"நாளைக்கு மனேஜர் பட்ஜ் அடிக்கக் குடுக்கோணும். என்ன பேர் போட?"

"ஆறாயிங்க ஐயா," என்றாள். "வல்லின ற."

அப்போது போன் கீச்சென்றது. குழுவில் அன்னபாக்கியத்தின் குரல்: "ஆறாயி, இஞ்ச கீழ எல்லாரும் இலை போட்டு உமக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறம். கெதியா வாரும். வந்து எங்களோட இருந்து பேசும்."

அந்தக் கடைசிச் சொல்லை அவள் இரண்டு முறை கேட்டாள். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.