முட்டையைக் காட்டிக்கொடுத்த சாயம்

எங்கள் ரியோ குவார்த்தோ ஊர்ப் பல்கலைக்கழகத்தில், ஆய்வேட்டுத் தேர்வு முடித்து வெளியே வருகிறவர் தலையில் முட்டையும் மாவும் கொட்டினால்தான் பட்டம் வாங்கியதாகக் கணக்கு. அதனால் நசரேனாவின் தேர்வன்று காலையிலேயே எங்கள் ஆய்வகத்து எலிசேயோ முட்டைக் கலவையைத் தயார் செய்துவிட்டான். எதில் கலக்கினான் என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே நசரேனா, ஐந்து வருடம் மல்லுக்கட்டி உருவாக்கிய தன் சாயத்தைத் தேர்வுக் குழுவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். புற ஊதா விளக்கின் கீழ் அது வெறும் தண்ணீரில் ஒளிராது. துளி புரதம் கரைந்திருந்தாலும் பச்சையாக ஒளிரும். முதலில் தண்ணீர்க் குவளையில் விட்டாள். பச்சைப்பசேல் என்று ஒளிர்ந்தது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "வெறும் தண்ணில ஒளிராதுன்னுதானே எழுதியிருக்கீங்க? இதுக்குக் காரணம் சொல்லாம நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

நசரேனா குவளையை முகர்ந்தாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"சாயம் சரியாத்தான் சொல்லுது சார். குவளைலதான் கோளாறு. எலிசேயோ, முட்டைய எதுலடா கலக்குன?"

"முட்டையா? நான் கண்ணாலகூடப் பாக்கல." புருவமெல்லாம் மாவு அவனுக்கு.

"சரி, கைய நீட்டு."

புதுக் குவளையில் தண்ணீர் ஊற்றிச் சாயத்தைக் கலந்தாள். இருட்டாகவே இருந்தது. அதில் ஒரு சொட்டை அவன் நகக்கண்ணில் வைத்து விளக்கைக் காட்டினாள். பச்சை.

"கழுவித்தான்டி வச்சேன்" என்று முனகினான். இவன் கழுவுகிற லட்சணம் தெரியாதா? தான் மாத்தே என்கிற இலைத் தேநீர் குடிக்கிற குடுக்கையையே கழுவாத சோம்பேறி.

"இத்தனை முட்டைய ஒருத்தனாவா உடைச்ச?" என்று நசரேனா விடாமல் கேட்டாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி டாக்டர் ஒகேதா மெதுவாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டாக்டர், நீங்களுமா? கைய முன்னால கொண்டு வாங்க."

பத்து நகமும் பச்சை.

"என்ன பண்ண, இவன் ஓட்டோட உடைச்சுப் போட்டுட்டு இருந்தான்" என்றார் டாக்டர். அறையே சிரிப்பில் குலுங்கியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம்.

குழுத் தலைவர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு எலிசேயோவைப் பார்த்தார்.

"உடைக்காதது ஏதாச்சும் மிச்சம் இருக்காப்பா?"

வாசலில் நசரேனாவின் மேல் விழுந்த முதல் முட்டை அவருடையது.