ஏழாவது பாட்டின் வேகம்

இரண்டு மணிக்குப் புது டிரம்மர் வருகிறான். அதற்குள் என் மச்சினனிடம், உன் இடத்தில் வேறு ஆள் வாசிக்கப் போகிறான் என்று நான் சொல்லியாக வேண்டும். முப்பத்தொரு வருடம் பக்கத்தில் நின்று வாசித்தவனிடம் இதைச் சொல்ல என்னைப் பிடித்துத் தள்ளியதற்கு ஒரே காரணம், நான் அவன் அக்காவைக் கட்டியவன். கெட்ட செய்தியைச் சொந்தக்காரன் வாயால் கேட்டால் வலி குறையும் என்று எங்கள் கிட்டார்காரன் நினைக்கிறான். அவனுக்குச் சொந்தக்காரர்கள் குறைவு.

நாங்கள் நான்கு பேர். கிட்டார்காரனுக்குக் கரண்டு என்று பெயர். முதல் கச்சேரியிலேயே ஆம்ப்ளிஃபயர் ஷாக் அடித்துத் தூக்கியெறிந்ததும் எழுந்து, பாட்டை விட்ட இடத்திலிருந்து வாசித்தவன். பாடுகிறவன் குயில், தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்த மாதிரி குரல், அதனால் அந்தப் பெயர். டிரம்ஸ் என் மச்சினன். எங்களில் இளையவன் என்பதால் ஐம்பத்து மூன்று வயதிலும் எல்லோருக்கும் தம்பி. நான் பேஸ் கிட்டார். தம்பி என்னை அத்தான் என்று கூப்பிடப் போய், பேண்டே அத்தான் என்று கூப்பிட்டு, கடைசியில் மேடைக்குக் கீழே ரசிகர்களும் "அத்தான்" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்ட ராக் இசைக்காரனுக்கு இதைவிட மானக்கேடு வேண்டாம்.

இது எங்கள் பதினோராவது ஆல்பம். பத்தாவது வந்து ஒன்பது வருடமாகிறது. எங்களை எல்லோரும் ஓரங்கட்டிவிட்ட பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதிய பத்துப் பாட்டுகள். எங்களுக்கென்று ஒரு வீம்பு உண்டு. மற்றவர்கள் ரெக்கார்டிங்கில் காதுக்குள் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று ஒரு கிளிக்கை ஓடவிட்டு, அதற்கு ஏற்ப ஒவ்வொருவராக வாசிப்பார்கள். நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில் நின்று ஒன்றாக வாசிப்போம். கிளிக் கிடையாது. முதல் நாள் சவுண்டு இன்ஜினியர் அம்மா கிளிக் போடலாமா என்று கேட்டதற்கு, கரண்டு தம்பியைக் காட்டி, "எங்க கிளிக் அதோ உக்காந்திருக்கு" என்றான். தம்பி குச்சியைத் தூக்கி ஒரு சலாம் வைத்தான்.

ஆறு பாட்டுகள் நல்லபடியாக முடிந்தன. ஏழாவதில் மாட்டிக்கொண்டோம். ஆல்பத்திலேயே வேகமான பாட்டு அது. சரியான வேகத்தில் கிளம்பும், ஒரு நிமிஷத்தில் நொண்ட ஆரம்பிக்கும், நடுவில் திடீரென்று ஓடும், மறுபடி படுத்துவிடும். இருபத்தாறு தடவை வாசித்தாயிற்று. வேகம் டிரம்மரின் பொறுப்பு. ஆகவே எல்லோருடைய கண்ணும் தம்பி மேல் போனது. குயில் வாய்விட்டே திட்டினான். தம்பி பதில் பேசவில்லை. அவன் பதில் பேசாததுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அவன் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். என் மாமனார் நடுக்க வியாதியில் கிடந்து போனவர். கடைசி வருடங்களில் டம்ளரைப் பிடிக்கக்கூட ஆகவில்லை. தனக்கும் அதுதான் வந்துவிட்டது என்று தம்பி முடிவு கட்டிவிட்டான். நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு அக்காவிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறான். வியாழக்கிழமை டெஸ்ட். அவள் என்னிடம் சொன்னாள், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று தலையிலடித்துச் சத்தியம் வாங்கினாள். நான் மூன்றாவது நாளே கரண்டிடம் சொல்லிவிட்டேன். தம்பியைத் திட்டாமல் இருக்கட்டுமே என்றுதான் சொன்னேன், அல்லது அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கரண்டு அன்று மாலையே வேறு டிரம்மருக்குப் போன் போட்டுவிட்டான்.

இன்று காலை பத்தரைக்கு ஸ்டுடியோவுக்குப் போனேன். தம்பியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனவனை, இன்ஜினியர் அம்மா கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உக்காருங்க சார். நேத்து வாசிச்சதப் பிரிச்சுப் பாத்தேன்."

திரையில் நான்கு பேரும் நான்கு கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தோம். அவள் கிட்டாரையும் பாட்டையும் அணைத்துவிட்டு டிரம்ஸையும் பேஸையும் மட்டும் போட்டாள்.

"முதல் அடியக் கேளுங்க. அவர் கால் மிதிக்குது, நீங்க அதுக்கு அப்புறம் வர்றீங்க. துளிதான். ஆனா அவர் அடுத்த அடிய உங்களுக்காக நிறுத்தி அடிக்கிறார். நீங்க அதுக்கும் பின்னாடி வர்றீங்க. இப்படியே ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காத்துக்கிட்டிருந்தா பாட்டு எங்க போகும்?"

"அவன் மெதுவா அடிக்கிறதால நான் மெதுவா வர்றேன்" என்றேன். என் குரல் எனக்கே எடுபடவில்லை.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நடுவுல எட்டுச் சுத்து பேஸ் இல்லாம வருமில்ல, அதக் கேளுங்க."

போட்டாள். அந்த இடத்தில்தான் தம்பி திடீரென்று ஓடுகிறான் என்று எல்லோரும் குற்றம் சொன்னோம். அவள் கிளிக்கை அதன் மேல் ஓடவிட்டாள். எட்டுச் சுற்றும் ஒரு மயிரிழை பிசகவில்லை. அவன் ஓடவே இல்லை, பாட்டின் உண்மையான வேகத்துக்குத் திரும்பியிருந்தான். அடுத்த சுற்றில் நான் உள்ளே வந்தேன். பாட்டு படுத்தது.

"அவர் ஹெட்போன்ல என்ன போகுதுன்னு தெரியுமா சார்? கிட்டார் வேணாம், பாட்டு வேணாம், அத்தான் மட்டும் போதும்னு முதல் நாளே சொல்லிட்டார். முப்பது வருஷமா அப்படித்தானாம்." திரையிலிருந்து என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "இடப்பக்கம் நின்னு கூப்பிட்டா நீங்க திரும்புறதே இல்ல. உங்க இடது காது எப்பலேர்ந்து கேக்கல?"

இரண்டு வருடமாக வீட்டில்கூடச் சொல்லாத விஷயம் அது. தம்பியின் தாளத் தட்டு என் இடது காதுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் அடித்ததில் போன காது. மிச்சமிருக்கும் காதை வைத்துச் சமாளிக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். முன்பெல்லாம் அவன் குச்சி இறங்கும்போதே என் விரலும் இறங்கும். இப்போது சத்தம் வந்ததா என்று உறுதி செய்துகொண்டு வாசிக்கிறேன் போலிருக்கிறது. மெதுவான பாட்டுகளில் மறைந்துபோன அந்த உறுதி செய்கிற நேரம்தான் இப்போது திரையில் கோடுகளுக்கு நடுவே தெரிந்தது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும். புது ஆள் கிளிக் கேட்டு வாசிக்கிறவர், உங்களுக்காக நிக்க மாட்டார். அப்புறமா உங்க பேஸை நான் கொஞ்சம் முன்னால தள்ளி வச்சா வெளியில யாருக்கும் தெரியாது. ஆனா உங்களக் கேக்காம இதுல நான் எதுவும் செய்யக்கூடாதுன்னு கூப்பிட்டேன்."

நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். முதலில் மனதில் வந்தது, அப்பாடா என்பதுதான். தம்பி போவான், நான் இருப்பேன், ஆல்பம் வரும். இந்த பேண்ட் இல்லாவிட்டால் நான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு மனைவியிடம் திட்டு வாங்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

தம்பி டீ மெஷின் இருக்கும் சின்ன அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மடியில் மறைத்துக்கொண்டான்.

"அக்கா சொல்லியிருப்பாளே அத்தான்."

"ம்."

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நடுக்கமெல்லாம் அப்புறம். முதல்ல எல்லாமே மெதுவாச்சு. சட்டைப் பட்டன் போட அரை மணி நேரம். நான் என்னடான்னா பட்டனெல்லாம் டக்குன்னு போடுறேன், டிரம்ஸ்ல மட்டும் இழுக்குது." அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான். "பக்கத்துலயே நிக்கிறீங்க, உங்களுக்குத்தான் தெரியும். மறைக்காம சொல்லுங்க. நான் இழுக்கிறேன் இல்ல?"

இல்லை என்ற ஒரு சொல் போதும்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஆமாம் என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டான். "நானே விலகிக்கிறேன் அத்தான்" என்றான். "அவங்க சொல்லி நான் போறதவிட அதுதான் மரியாதை. உங்களுக்கும் தர்மசங்கடம் வேணாம்."

நான் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான். என் வேலை முடிந்தது. டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வந்தேன்.

புது டிரம்மர் இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டான். தோளில் தாளத் தட்டுகள் போட்ட பை, வாய் நிறைய வணக்கம், குறை சொல்ல முடியாத பையன். கரண்டு அவனை ரெக்கார்டிங் அறைக்கு அழைத்து வந்தான். குயில் மைக் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி ஏற்கனவே டிரம்ஸ் முன்னால் குனிந்து தன் ஸ்டூலின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"நான் கொஞ்சம் உயரமா வைப்பேன்" என்று புதியவனிடம் சொன்னான். "உங்க காலுக்குத் தகுந்த மாதிரி இறக்கிக்கங்க. இந்தத் திருகு மட்டும் இறுகாது, ஒரு துணியச் சுத்தித் திருப்புங்க."

கரண்டு அவன் தோளில் கை வைத்தான். "வியாழக்கிழமை டெஸ்ட் முடியட்டும் தம்பி. ஒண்ணுமில்லேன்னுதான் வரும். அப்புறம் பாத்துக்கலாம்."

தம்பி நிமிர்ந்தான். டெஸ்ட் என்று அவன் இவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. திருகு அவன் கையிலேயே இருந்தது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் வாயைத் திறந்தேன், நல்ல மனசால் இல்லை.

"ஸ்டூலை மறுபடி ஏத்தி வை. இழுக்கிறது நீ இல்ல, நான்."

"என்ன உளறுற?" என்றான் கரண்டு.

"எனக்கு இடது காது செத்துப் போச்சு. ரெண்டு வருஷமாச்சு. நான் லேட்டா வர்றேன், இவன் எனக்காக நிக்கிறான். இன்ஜினியர்மா, அந்த எட்டுச் சுத்தப் போடுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தயாராகத்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் டிரம்ஸ் வந்தது, கிளிக் வந்தது, இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போல எட்டுச் சுற்று ஓடின. பிறகு நான் உள்ளே வந்தேன். பாட்டு படுத்ததை என்னால் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை, ஆனால் அது மற்றவர்கள் முகத்தில் தெரிந்தது.

குயில்தான் முதலில் பேசினான். "ரெண்டு வருஷமா கேக்கலைன்னா, நான் உன்னத் திட்டினதெல்லாம்?"

"பாதி கேட்டுச்சு."

புது டிரம்மர் சத்தம் போடாமல் பையைத் தூக்கிக்கொண்டு வெளி சோபாவுக்குப் போய்விட்டான்.

தம்பி தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"எப்பத் தெரியும் அத்தான்?"

"காலையில. பத்தரைக்கு."

"டீ குடிக்கும்போது தெரியும்."

"தெரியும்."

"டெஸ்ட் விஷயத்த இவங்ககிட்டச் சொன்னது?"

"நான்தான்."

அவன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. என் கை நல்லா இருக்கு. இல்ல, டாக்டர் சொல்லல, பாட்டுல பாத்தோம்." அதற்கு மேல் பேச முடியாமல் மூக்கை உறிஞ்சினான். மறுமுனையில் அவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "அத்தானா? இருக்காரு. நல்லா இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டான். என் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அதற்காக அவன் காலில் விழுந்திருப்பேன், ஆனால் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஸ்டூலை ஏற்றி, துணியைச் சுற்றித் திருகை இறுக்கி உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் பேசினான்.

"இன்ஜினியர்மா, எனக்குக் கிட்டார் குடுங்க."

"சரி சார். பேஸ் எவ்வளவு வைக்கட்டும்?"

"பேஸ் வேணாம்."

கரண்டு என்னைப் பார்த்தான், பிறகு தன் கிட்டார் தந்தியைப் பார்த்தான். நான் பேஸை மாட்டிக்கொண்டு என் வழக்கமான இடத்தில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன். தம்பி குச்சியை நான்கு முறை தட்டினான். காதை நம்பாமல் அவன் காலையே பார்த்து வாசித்தேன். எப்போதும் நான் ஒரு சுரம் பிசகினால் போதும், அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். முப்பத்தொரு வருடப் பழக்கம். இன்று மூன்று இடத்தில் பிசகினேன். அவன் தலையைத் தூக்கவில்லை. பாட்டு ஒரு இடத்திலும் தளராமல் ஓடி முடிந்தது.