வாயில் நுழையாத பேர்

கரப்பான், கறையான், மூட்டைப்பூச்சி என்று எதைக் கேட்டாலும் அதன் பிறப்பு வளர்ப்பெல்லாம் ஒப்பிப்பான் கொசு. கொசு என்பது அவன் பேரில்லை. வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடிக்கிற அந்த ஒல்லிக்குச்சிக்கு உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டம். அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு மருத்துவமனை மாடிப்படியில் நின்று, ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

ஹெல்மின்த்.

அவன் மகள் பாப்பா கொஞ்ச நாளாகவே சரியாகச் சாப்பிடாமல், முகம் வெளிறி, சுருண்டு சுருண்டு படுத்தாள். பரிசோதனை முடிவைக் கேட்க அவன் மட்டும் வந்திருந்தான். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "ஹெல்மின்த் இருக்கு. மருந்து எழுதியிருக்கேன். வீட்ல எல்லாரும் எடுத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அப்படின்னா என்னங்க என்று கேட்டிருக்கலாம். தொண்டை வரை வந்த கேள்வியை மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்துவிட்டான், மகா கெட்டிக்காரன்.

அவன் முதுகில் சுமக்கிற மருந்துகளின் பேரெல்லாம் இப்படித்தான் நாக்கைச் சுளுக்கும். அதில் ஏதோ ஒன்றுதான் பிள்ளை உடம்பில் ஏறிவிட்டதா? வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளைத் தூக்கிக் கொஞ்சியதெல்லாம் நினைவுக்கு வந்தது. மனைவிக்குப் போன் போட்டான்.

"என்னவோ பெரிசா சொல்றாங்க. வாயில நுழையாத பேரு. எல்லாம் என்னாலதான்."

"என்னங்க சொல்றீங்க? புரியற மாதிரி சொல்லுங்க!"

"எனக்கே புரியல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். குரல் உடைந்திருந்தது.

கீழே மருந்துக்கடை அம்மாள் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் பொண்ணு சாகக் கிடக்குறா, உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"இதுக்குப் போய் யாராவது சாவாங்களா? ஹெல்மின்த்னா வயித்துப் புழுப்பா. உருண்டைப் புழு, நாடாப் புழு, கொக்கிப் புழு எல்லாத்துக்கும் சேத்துப் படிச்சவங்க வெச்ச ஒரே பேரு. நம்ம வாய்க்குப் பூச்சி."

"பூச்சியா? பூச்சிக்கு ஆறு காலும்மா. புழுவுக்கு ஏது காலு?" எந்த நிலைமையிலும் தொழிலை விட்டுக்கொடுக்க மாட்டான்.

"அதனாலதான் அவங்க பூச்சின்னு சொல்றதில்ல போல. ஆளுக்கு ஒரு புட்டி குடிங்க, சரியாயிடும்" என்று சின்னச் சின்னதாய் மூன்று புட்டிகளை எடுத்து வைத்தார்.

போன உயிர் திரும்பி வந்தது. கடை வாசலில் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. அந்த இரைச்சலில் போனில் மனைவியிடம் கத்தினான். "இனிமே கவலை இல்ல! பூச்சி மருந்து குடிச்சா எல்லாம் இன்னிக்கே தீந்துடும். பாப்பா மட்டும் இல்ல, நாம மூணு பேரும் சேர்ந்து குடிச்சிடணும். இதோ வாங்கிட்டு வந்துட்டேன்!"

பதில் இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தார். "பச்சப்புள்ளைக்கு விஷம் கொடுக்கவா வர்றே?"

"விஷமா? பூச்சி மருந்துண்ணே!"

"கேட்டீங்களா, அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

ஜன்னலுக்குப் பின்னால் மனைவி பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "சாகணும்னா நீங்க சாகுங்க. எம்புள்ளைய விட்டுடுங்க. எந்த நோயா இருந்தாலும் நான் வெச்சுப் பாத்துக்கறேன்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. படியில் உட்கார்ந்துவிட்டான். பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினான். "ஐயோ, இது அந்த மருந்து இல்ல. இது ஹெல்... ஹெல்மி... ஹெல்மெட்டு..."

காலையிலிருந்து மண்டையைக் குடைந்த வார்த்தை, வேண்டிய நேரத்தில் வாய்க்கு வரவில்லை. "வயித்துல புழு! வெறும் புழு!" என்று கத்தினான்.

"எதுவா இருந்தாலும் முதல்ல நீ குடி" என்றார் தையல்காரர்.

மூடியைத் திருகி ஒரே மூச்சில் குடித்தான். தெரு முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "இனிக்குது" என்றான்.

"அம்மா, எனக்கும்" என்றாள் பாப்பா உள்ளேயிருந்து.

கதவு திறந்தது. மனைவி வந்து காலிப் புட்டியை வாங்கி மோந்து பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் என்கூடக் குடும்பம் நடத்துறே. நான் அப்படிச் செய்வேனா?" அவனுக்கு அழுகை வந்தது.

"போன்ல உங்க குரலை நீங்க கேட்டிருந்தா, நீங்களே நம்பியிருப்பீங்க."

மீதி இரண்டு புட்டிகளையும் வாங்கிக்கொண்டாள். தன்னுடையதை முதலில் குடித்தாள். பாப்பா கையை நீட்டி நீட்டிக் கேட்டும் கொடுக்காமல், அவளை மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் மூன்றாவது புட்டியைத் திறந்தாள்.