செராயாவின் உச்சிக் கிளை

"மேல காத்து நல்லா இருக்கு ரூசி. உனக்கும் ஒரு பொட்டலம் கட்டி எடுத்துட்டு வர்றேன்."

வாக்கி டாக்கியில் என் புருஷன் மாஜியுஸ் கடைசியாகச் சொன்னது இதுதான். அதற்குப் பிறகு சத்தமில்லை.

எங்கள் ஊர்க் காட்டிலேயே உயரமான மரம் எது என்று கண்டுபிடித்துவிடுவதென்று அந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. மழை விட்ட நாட்களிலெல்லாம் முகடு முகடாக ஏறி, கீழேயிருந்து கருவி வைத்து உயரம் பார்த்து, ஒவ்வொரு மரமாகக் கழித்து, குவாமுட் ஆற்றுக்கு மேலே நின்ற இந்த மஞ்சள் செராயா மரத்தில் வந்து சேர்ந்தோம். மற்ற மரங்களின் தலை முடியும் இடத்தில்தான் இதன் முதல் கிளையே தொடங்கியது. அதன் அடியில் நின்றால் பேச்சு தானாகத் தணிந்துவிடும். ஆனால் கருவி சொல்வது உத்தேசம்தான். ஒரு ஆள் உச்சிக்குப் போய் அளவுநாடாவைத் தொங்கவிட்டால்தான் உண்மை தெரியும்; அதற்குத்தான் மாஜியுஸ் ஏறியிருந்தார்.

"கயிறு அசையவே இல்ல அண்ணி," என்றாள் டோரின். மாஜியுஸின் தங்கை. கீழே நாங்கள் இரண்டு பேர்தான்.

"உங்க அண்ணன் தூங்கியிருப்பாரு. வீட்டுல மட்டும் என்ன செய்றாரு?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். விசில் ஊதினோம். மேலே இலைகள் மட்டும் ஒருமுறை புரண்டு அடங்கின. தெற்கே இடி உருண்டது.

"மயங்கிட்டாரோ?"

"வாய மூடு டோரின்."

கயிற்றுப் பட்டையில் மயங்கித் தொங்கினால் ஆள் அதிக நேரம் தாங்க மாட்டான் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். பக்கத்தில் ஆபத்துக்கென்று போட்டிருந்த இரண்டாவது கயிறு தொங்கியது. மரம் ஏறும் பயிற்சியை நானும் அவரோடுதான் எடுத்தேன். ஒருமுறை கிளை முறிந்து அந்தரத்தில் ஊசலாடியதிலிருந்து தரையே போதுமென்று இருந்துவிட்டேன். இப்போது பட்டையை எடுத்து இடுப்பில் சுற்றினேன்; எந்தக் கொக்கி எதில் என்று மறந்துபோயிருந்தது. டோரின்தான் மாட்டிவிட்டாள்.

"பாத்து அண்ணி. கீழ பாக்காதீங்க."

கீழே பார்க்கவில்லை. மேலேயும் பார்க்கவில்லை. என் மூக்குக்கு நேரே இருந்த மரப்பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். பாதிக்கு மேல் போனதும் அவ்வளவு பெரிய மரம் மெல்ல ஆடுவது உடம்பில் தெரிந்தது. இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததற்கு என்னையே திட்டிக்கொண்டு, மறுபடி காலை உந்தினேன்.

கிளைகளுக்குள் தலை நுழைந்தபோது அவரைக் கண்டேன். மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார். கண்கள் திறந்திருந்தன. உயிர் இருக்கிறது என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் தலையை மிக லேசாக ஆட்டினார். பேசாதே என்று.

அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளி, பக்கத்துக் கிளையின் அடியில், கரிய திரை ஒன்று தொங்கியது. அதன்மேல் ஓர் அலை சரசரவென்று ஓடி மறைந்தது. திரை முழுக்கத் தேனீ. ஒரு விரல்கணு நீளம் இருக்கும் காட்டுத் தேனீ. அவை மெங்காரிஸ் மரத்தில்தான் கூடு கட்டும் என்று நம்பி, இந்த மரத்தை நாங்கள் சரியாகப் பார்க்கவேயில்லை. ஆளைத் துரத்தித் துரத்திக் கொட்டும் ஜாதி அது. இந்த உயரத்தில் எங்கே ஓடுவது?

அவர் வாக்கி டாக்கியை ஏன் அணைத்தார் என்று புரிந்தது. ஏன் நகரவில்லை என்பதும். மரத்தைச் சுற்றிப் போட்டிருந்த அவருடைய பாதுகாப்புக் கயிறு, கூட்டுக்கு நேர் கீழே ஒரு முண்டில் சிக்கியிருந்தது. இழுத்தால் கிளை அதிரும்.

முதலில் அவரை என் கயிற்றோடு சேர்த்துக் கொக்கி போட்டேன். "டக்" என்றது. திரையில் அலை ஓடியது. நாங்கள் மூச்சை நிறுத்தினோம். இரண்டு தேனீக்கள் வந்து என் கன்னத்தில் உட்கார்ந்து நடந்தன. கண்ணை மூடிக்கொண்டேன். அவை போன பிறகும் அந்தக் கால்கள் கன்னத்தில் ஊர்வது போலவே இருந்தது.

கையை நீட்டி முண்டிலிருந்து கயிற்றை விரல் விரலாகத் தூக்கினேன். என் முழங்கை கூட்டை உரசாமல் போனது எப்படியென்று இன்றைக்கும் தெரியாது. கயிறு விடுபட்டதும் மாஜியுஸின் உடம்பு மொத்தமாக என்மேல் சாய்ந்தது. நடுங்கிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் அவர் நடுங்கி நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குத் தேனீயைவிடப் பெரிய பயமாக இருந்தது.

மெதுவாக இறங்கினோம். பாதி வழியில் காற்று வந்தது. மேலே விர்ரென்று ஒரு சத்தம் எழுந்தது. அவர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு கொட்டு அவர் கழுத்தில், ஒன்று என் மணிக்கட்டில். அதோடு மழை கொட்டி, தேனீக்கள் பின்வாங்கின.

தரையில் டோரின் அழுதுகொண்டே அண்ணனை அடித்தாள். "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"வாயத் தொறந்தா உள்ள வந்துருமோன்னு இருந்துச்சுடி," என்றார் அவர். பிறகு குனிந்து வாந்தியெடுத்தார்.

பூக்காலம் முடிந்ததும் தேனீக்கள் வேறிடம் போயின. நாங்கள் மறுபடி போனோம், இந்த முறை ஊரில் பாதிப்பேர் கூட வந்தார்கள். மாஜியுஸ் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"நீ ஏறு ரூசி. நான் கீழ நாடாவப் பிடிச்சுக்கிறேன்," என்றார். யாரும் கேலி செய்யவில்லை.

பயந்துகொண்டேதான் ஏறினேன். உச்சியில் நின்று நாடாவை விட்டேன். அது முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே போனது. வாக்கி டாக்கியில் டோரின் கூவினாள்: "தொண்ணூத்தி ஒண்ணு மீட்டர் அண்ணி! எல்லாரும் மரத்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க!"

எங்கள் காடு முழுவதும் எனக்குக் கீழே பச்சையாக விரிந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாக்கி டாக்கியில் மாஜியுஸின் குரல் விடாமல் கெஞ்சியது.

"பாத்தது போதும், இறங்கு. ரூசி, கேக்குதா? ஏதாவது பேசு. பேசிக்கிட்டே இறங்கு."